ராப்பா, ஸ்டீலா? இன்சூரன்ஸ்காரன் கேட்ட கேள்வி

கரண்டிமுத்து:
மக்களே ஒரு டவுட்டு, இங்கிலீஷ் டவுட்டு தான் ஆனா பணம் சம்பந்தப்பட்டது, அதனால கொஞ்சம் சீரியஸா பதில் சொல்லுங்க. போன மாசம் சென்னைல இருந்து கோயம்புத்தூருக்கு நைட் ட்ரெயின்ல வந்தேன். லேப்டாப் பேக்கைத் தலைமாட்டுல வச்சுட்டுத் தூங்கிட்டேன், சேலம் தாண்டி முழிச்சுப் பார்த்தா பேக் இல்ல, சார்ஜர் மட்டும் பிளக்குல தொங்கிட்டு இருக்கு. ஊர்ல இறங்கி ரயில்வே போலீஸ்ல எழுதிக் குடுத்து எஃப்ஐஆர் காப்பி வாங்கிட்டேன். இன்சூரன்ஸ் இருந்துச்சு, அந்த ஃபார்ம்ல என்ன நடந்துச்சுன்னு விளக்கச் சொல்லி ஒரு பெட்டி, அதுல நான் பந்தாவா "மை லேப்டாப் வாஸ் ராப்டு பை அன்நோன் பெர்சன்"னு எழுதி அனுப்பிட்டேன்.

நேத்து மெயில் வருது. நீங்க ராபரின்னு எழுதியிருக்கீங்க, எஃப்ஐஆர்ல தெஃப்ட்னு இருக்கு, உங்களை யாராச்சும் மிரட்டினாங்களா, அடிச்சாங்களா, விளக்கம் அனுப்பவும்னு. யோவ் நான் குறட்டை விட்டுட்டு இருந்தேன்யா! ராப்னாலும் ஸ்டீல்னாலும் திருடுறது தானே? ரெண்டும் ஒண்ணு தானேன்னு நினைச்சுத்தான் எழுதினேன். என்ன வித்தியாசம், இப்ப நான் என்ன எழுதணும்?

மொக்கை_மன்னன்:
ராப்னா வேகமா பாடுறது. ஸ்டீல்னா சீர்வரிசைல குடுக்குறது. அடுத்த கேள்வி.

சின்ன_வாத்தியார்:
தம்பி கரண்டி, முப்பது வருஷம் இங்கிலீஷ் கிளாஸ் எடுத்தவன் சொல்றேன், இந்த ஒரு தப்பை நான் திருத்தாத வருஷமே கிடையாது. அர்த்தம் கிட்டத்தட்ட ஒண்ணு தான். சிக்கல் எங்கன்னா, வினைக்குப் பின்னாடி யாரைக் கொண்டு வந்து உக்கார வைக்கிறோம்ங்கிறதுல.

ஸ்டீல்னு சொன்னா அடுத்து "என்னத்தை?"ன்னு கேக்கணும். லேப்டாப்பை, செருப்பை, மாங்காயை. ராப்னு சொன்னா "யாரை?"ன்னு கேக்கணும், இல்லேன்னா "எந்த இடத்தை?"ன்னு. முத்துவை, நகைக்கடையை, பேங்க்கை. ஒண்ணுல போன பொருள் வரும், இன்னொண்ணுல பறிகொடுத்தவன் வருவான். நீங்க எழுதின வாக்கியத்தை ஒரு இங்கிலீஷ்காரன் படிச்சா அவன் மனசுல என்ன ஓடும் தெரியுமா? யாரோ ஒருத்தன் உங்க லேப்டாப்பை இருட்டுல வழிமறிச்சு, கத்தியைக் காட்டி, அது பாக்கெட்ல வச்சிருந்த மவுஸைப் பிடுங்கிட்டு ஓடிட்டான், பாவம் லேப்டாப் அழுதுகிட்டே ஸ்டேஷனுக்குப் போச்சு.

கரண்டிமுத்து:
சார் சிரிச்சுட்டேன், ஆனா பணம் வரலையே. தமிழ்ல அப்படி ஒரு பிரிவே இல்லையே, அதனால தானே இந்தக் குழப்பம்?

சின்ன_வாத்தியார்:
இல்லேன்னு யார் சொன்னா? "பேங்க்கைத் திருடிட்டான்"னு சொல்லிப் பாருங்க, நாக்கே தடுக்கும். பேங்க்கையே பேத்து லாரில ஏத்திட்டுப் போன மாதிரி இருக்கும். "பேங்க்ல திருடிட்டான்"னு தான் சொல்லுவோம். ஆக நம்ம திருடுங்கிற வினை அச்சு அசலா ஸ்டீல் மாதிரியே, பொருளை மட்டும் தான் ஏத்துக்கும்.

ஆனா கொள்ளையடின்னு ஒண்ணு இருக்கே, அது தான் வில்லன். "பேங்க்கைக் கொள்ளையடிச்சான்" சரி. "பத்து லட்சத்தைக் கொள்ளையடிச்சான்", அதுவும் சரி. "ஜனங்களைக் கொள்ளையடிக்கிறானுங்க", அதுவும் சரி. எதைக் குடுத்தாலும் முழுங்கும். ராப்னா கொள்ளையடின்னு டிக்‌ஷனரில பார்த்து மனப்பாடம் பண்ணின பையன், கொள்ளையடிக்கு இருக்கிற சுதந்திரம் எல்லாம் ராப்புக்கும் இருக்கும்னு நினைச்சு லேப்டாப்பை ராப் பண்ண வச்சிடுறான். இது உங்க தப்பு இல்ல, எங்க தப்பு. அர்த்தத்தைக் குடுத்தோம், அது எதோட சேரும்னு சொல்லித் தரல.

பொருளையும் சொல்லியே ஆகணும்னா நடுவுல "ஆஃப்" போடணும், "தே ராப்டு ஹிம் ஆஃப் ஹிஸ் வாட்ச்". அதே மாதிரி "ஐ வாஸ் ராப்டு" சரி, "ஐ வாஸ் ஸ்டோலன்"னு சொன்னா உங்களையே சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு ஆயிடும்.

டப்ளின்_தோசை:
சாரி சார், ஒரு சின்ன குறுக்கீடு. நான் டப்ளின்ல ஆறு வருஷமா இருக்கேன், இங்க பஸ்ல ஸ்கூல் பசங்க பேசுறதைக் கேட்டா எல்லாமே ராப் தான். "ஹி ராப்டு மீ போன்", "சம்படி ராப்டு மை பைக்". போனையே ராப் பண்றாங்க, சைக்கிளையே ராப் பண்றாங்க, கத்தியும் இல்ல கம்பும் இல்ல, வாசல்ல நிறுத்தின சைக்கிள் காணோம்னாலும் ராப்டு தான். லிவர்பூல் பக்கமும் இப்படித்தான் பேசுவாங்க. அப்ப இவங்க எல்லாம் இங்கிலீஷ் தெரியாதவங்களா?

கரண்டிமுத்து:
ஆஹா!!! அப்ப நான் எழுதினது சரி. அயர்லாந்து இங்கிலீஷ்ல எழுதினேன்னு பதில் போட்டுடவா?

சின்ன_வாத்தியார்:
போடுங்க, அவங்க அயர்லாந்து ரூபாய்ல பணம் அனுப்புவாங்க.

டப்ளின் தம்பி சொல்றது உண்மை தான், நான் மறுக்கல. பேச்சுல அந்த ஊர்ல அது இயல்பான வழக்கு. அவங்க தப்பாப் பேசுறாங்கன்னு சொல்ல நான் யாரு. ஆனா அதே டப்ளின் பையன் போலீஸ்ல எழுதிக் குடுக்கும்போதோ பரீட்சைல எழுதும்போதோ ஸ்டோலன்னு தான் எழுதுவான். எங்க பேசுறோம், எங்க எழுதுறோம்ங்கிறது தான் விஷயம். நாம "லவட்டிட்டான்"னு ஊர்ல சொல்றோம், கம்ப்ளெயின்ட்ல அதையா எழுதுறோம்?

மொக்கை_மன்னன்:
"ஐயா, எனது கைப்பேசியை மேற்படி நபர் ஆட்டையைப் போட்டுவிட்டார் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கோர்ட்டுக்குப்_போறவன்:
இலக்கணம் எல்லாம் சார் பார்த்துக்குவார், நான் சட்டம் பக்கம் சொல்றேன். இன்சூரன்ஸ்காரன் கேட்டது இலக்கணத்துக்காக இல்ல. ராபரிங்கிறது சட்டத்துல தனி குற்றம்.

பழைய ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டம், 1860ஆம் வருஷத்துது, அதுல 378 தெஃப்ட், 390 ராபரி, 391 டெகாய்ட்டி. 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துடுச்சு, இப்ப 303, 309, 310. உங்க எஃப்ஐஆர்ல 303(2)னோ 305னோ இருக்கும் பாருங்க, முன்னது சாதாரணத் தெஃப்டுக்கான தண்டனைப் பிரிவு, பின்னது ரயில் மாதிரி வண்டில இருந்து திருடுறதுக்கானது. ஒருத்தர் கைவசம் இருக்கிற அசையும் பொருளை அவர் சம்மதம் இல்லாம, நேர்மையில்லாத எண்ணத்தோட எடுக்கிறதுக்காக நகர்த்தினாலே தெஃப்ட் ஆயிடும். கவனிங்க, எடுத்துட்டுப் போகணும்னு கூட இல்ல, நகர்த்தினாலே போதும். உங்க பேக்கை சீட்ல இருந்து அவன் இழுத்தானே, அந்த நொடியே தெஃப்ட் முடிஞ்சுது.

ராபரி ஆகணும்னா அதோட அடி, தடுத்து நிறுத்துறது, இல்ல இப்பவே அடிப்பேன்கிற பயம் காட்டுறது, ஏதாவது ஒண்ணு சேரணும். ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது, எடுக்கும்போது தான் அடிக்கணும்னு இல்ல. அவன் சத்தமில்லாம எடுத்துட்டான், நீங்க முழிச்சு அவன் சட்டையைப் பிடிச்சீங்க, பொருளைக் கொண்டுபோறதுக்காக உங்களை ஒரு தள்ளு தள்ளிக் காயப்படுத்திட்டு ஓடினான், அவ்வளவு தான், திருட்டு அங்கேயே ராபரியா மாறிடும். அதே வேலையை அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து பண்ணா டெகாய்ட்டி. நாலு பேர்னா இல்ல, அஞ்சு.

புதுச் சட்டத்துல ஸ்நாச்சிங்னு 304ன்னு தனியாவே ஒரு பிரிவு வேற வந்திருக்கு, நம்ம செயின் பறிப்பு கேஸுக்குன்னே வச்ச மாதிரி. முன்னாடி செயின் பறிப்பை திருட்டுல போடுறதா ராபரில போடுறதான்னு ஒவ்வொரு கேஸுலயும் இழுபறி.

கரண்டிமுத்து:
அண்ணே அப்ப பேப்பர்ல "பூட்டை உடைத்து 40 பவுன் நகை கொள்ளை"ன்னு போடுறாங்களே, வீட்ல யாருமே இல்லையே, யாரை மிரட்டினான்?

கோர்ட்டுக்குப்_போறவன்:
கரெக்டா பிடிச்சீங்க. அது சட்டப்படி கொள்ளையே இல்ல. வீட்டை உடைச்சு நுழைஞ்சது ஒரு குற்றம், உள்ள போய்த் திருடினது ஒரு குற்றம். பேப்பர்காரங்களுக்கு நகை அதிகமா இருந்தா கொள்ளை, குறைச்சலா இருந்தா திருட்டு. ரெண்டு பவுன் போனா திருட்டு, இருநூறு பவுன் போனா கொள்ளை. அளவை வச்சுச் சொல்றாங்க, சட்டம் விதத்தை வச்சுச் சொல்லுது. அம்பது ரூபாயைக் கத்தி காட்டிப் புடுங்கினா அது ராபரி, அஞ்சு கோடியைச் சத்தமில்லாம எடுத்தா அது தெஃப்ட்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
நல்ல இழை. லண்டன்ல ஸ்டீல்ங்கிற வார்த்தையே தெருவுல அவ்வளவா காதுல விழாது, எல்லாம் "நிக்" தான். நான் வந்த புதுசுல பக்கத்து வீட்டுக்காரர் காலங்காத்தால கேட்ல நின்னுகிட்டு "மை பைக்ஸ் பீன் நிக்டு"ன்னார். நான் கீறல் விழுந்துடுச்சுன்னு நினைச்சு, பெயின்ட் அடிச்சா சரியாயிடும்னு ஆறுதல் சொன்னேன். மனுஷன் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் கேட்டைப் பார்த்தா வெட்டின பூட்டு மட்டும் கீழ கிடக்கு.

இதுல கூத்து என்னன்னா, திருடுறதும் நிக், திருடனைப் போலீஸ் பிடிக்கிறதும் நிக், அவனைக் கொண்டுபோய் வைக்கிற ஸ்டேஷனும் நிக். "இன் குட் நிக்"னா நல்ல நிலைமைல இருக்குன்னு அர்த்தம். ஆக நல்ல நிக்ல இருந்த சைக்கிளை நிக் பண்ணவனை நிக் பண்ணி நிக்ல போட்டாங்கன்னு ஒரே மூச்சுல சொல்லலாம்.

இன்னொண்ணு "பின்ச்", கிள்ளுறது. சின்னச் சின்னதா எடுக்கிறது, ஆபீஸ் பேனா, ஃப்ரிட்ஜ்ல அடுத்தவன் வச்ச சீஸ். கிழக்கு லண்டன் பழைய ஆளுங்க அதையும் நேராச் சொல்லாம எதுகைக்கு "ஹாஃப் இன்ச்"ம்பாங்க. ஆனா நிக், பின்ச் ரெண்டும் ஸ்டீல் ஜாதி தான் சார், பொருளைத் தான் நிக் பண்ணலாம், ஆளை நிக் பண்ணா போலீஸ் ஆயிடுவோம்.

யாழ்_பனங்கொட்டை:
எங்கட பக்கம் பேச்சில திருடுறது எண்டு சொல்லுறது குறைவு. களவெடுக்கிறது தான். "சைக்கிளைக் களவெடுத்திட்டாங்கள்", "கோழி களவு போட்டுது". திருடனும் இல்லை, கள்ளன். பொடியனா இருக்கேக்க அடுத்த வளவில மாங்காய் களவெடுத்து அம்மம்மாட்டை வாங்கின அடி இண்டைக்கும் ஞாபகம். களவு எண்ட சொல்லுக்கு ஒளிச்சுச் செய்யிறது எண்டது தான் உயிர். சங்க இலக்கியத்தில ஊருக்குத் தெரியாமக் காதலிக்கிறதும் களவு தானே.

சின்ன_வாத்தியார்:
யாழ் தம்பி முக்கியமான இடத்தைத் தொட்டுட்டார். ஸ்டீல்லயும் உயிர் அந்த ஒளிப்பு தான். ஸ்டெல்த்னு ஒரு வார்த்தை இருக்கே, ரேடார்ல சிக்காத விமானத்துக்குச் சொல்றாங்களே, அது ஸ்டீல்ல இருந்து பிறந்தது. "ஸ்டீல் எ க்ளான்ஸ்"னா கள்ளப் பார்வை. நம்மளுக்கும் கள்ளப் பார்வை, கள்ளச் சிரிப்பு இருக்கு. சம்பந்தர் சிவனையே உள்ளங்கவர் கள்வன்னு பாடினார், கொள்ளைக்காரன்னா பாடினார்? உள்ளம் போனது போனவளுக்கே தெரியாம போகணும், அதான் கள்வன்.

ராப் கதை வேற. அது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது, அதுக்கும் அடியில ஜெர்மானிய வேர், பறிச்ச பொருள்னு அர்த்தம். அதே வேர்ல இருந்து வந்த இன்னொரு வார்த்தை என்ன தெரியுமா? ரோப். நீளமான அங்கி. கோர்ட்ல ஜட்ஜய்யா போட்டுகிட்டு வர்றாரே அதே ரோப் தான். அந்தக் காலத்துல ஒருத்தனை மடக்கினா முதல்ல உருவுறது உடம்புல இருக்கிற துணி, துணிக்கு அவ்வளவு விலை. பறிச்ச பொருளுக்குச் சொன்ன பேரே போகப் போக உடுப்புக்கு ஆகிப்போச்சு. "பிரீவ்டு"ன்னு துக்க வீட்டுக்குச் சொல்றாங்களே, அதுவும் இந்தக் குடும்பம், சாவு வந்து பறிச்சுகிட்டுப் போனதுனால.

பூண்டிக்காரன்:
வணக்கம், எப்பவும் படிச்சுட்டுப் போற ஆள், இன்னிக்குத் தான் எழுதுறேன். நமக்கு திருமுருகன்பூண்டிங்க, அவிநாசி பக்கம். சார் துணி உருவுற கதை சொன்னதும் எழுதாம இருக்க முடியலீங்க.

எங்கூர்க் கோயில் கதையே வழிப்பறி தானுங்க. சுந்தரர் சேரமான் பெருமாள் கிட்ட இருந்து பொன்னும் பொருளும் வாங்கிட்டு வர்றார், எங்கூர்ல வச்சு சிவனோட பூதகணங்க வேடுவர் வேஷத்துல வந்து மொத்தத்தையும் பறிச்சுருது. சுந்தரர் சும்மா இருப்பாரா, நேரா கோயிலுக்குப் போய், இப்படி ஒரு ஊர்ல நீ என்னத்துக்கு சாமி உக்காந்துட்டு இருக்கேன்னு சண்டையே போடுறாருங்க. அந்தப் பதிகத்துல முதல் பாட்டுலயே வேடுவர் "கூறைகொண்டு ஆறலைக்கும் இடம்"னு வரும். கூறைன்னா துணிங்க. ஆறுன்னா வழி, ஆறலைக்கிறதுன்னா வழில போறவனை மடக்கிப் பறிக்கிறது. குத்து வேற விட்டாங்கன்னு பாட்டுலயே இருக்குது. பாருங்க, முதல்ல போனது அங்கேயும் துணி தான். அப்புறம் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தாங்கங்கிறது வேற விஷயம். இப்பவும் கோயில்ல வேடுபறின்னு திருவிழாவா நடத்துவாங்க, சின்ன வயசுல முன்னாடி போய் நின்னு பார்ப்பேனுங்க.

கோர்ட்டுக்குப்_போறவன்:
அடி, கும்பல், வழிமறிப்பு, பயம், பறிப்பு. அஞ்சு பேருக்கு மேல. பூதகணங்கள் மேல 310 போடலாம்.

சின்ன_வாத்தியார்:
பூண்டித் தம்பி, ரொம்ப நாள் கழிச்சு ஒரு விஷயம் எனக்குப் புதுசாக் கிடைச்சிருக்கு. ஆறலைங்கிறது ராப்புக்கு என்ன கச்சிதமா உக்காருது பாருங்க! பொருநராற்றுப்படைல ஆறலை கள்வர்னு வரும், பாலைங்கிற பழைய ராகத்தைக் கேட்டுட்டு ஆயுதத்தைக் கீழ போடுவாங்களாம். கள்வர்னு மட்டும் சொன்னா பத்தலைன்னு ஆறலைன்னு முன்னாடி ஒட்டியிருக்கான் பாருங்க, ஒளிஞ்சு எடுக்கிறவன் இல்ல, எதிர்ல வந்து எடுக்கிறவன்னு. இனிமே கிளாஸ் எடுத்தா ராப்னா ஆறலைன்னு தான் சொல்லப் போறேன். எடுக்கக் கிளாஸ் இல்லைங்கிறது தான் குறை.

மொக்கை_மன்னன்:
ஒரு சீரியஸ் கேள்வி, எனக்கும் வரும். சேல்ல போட்டிருந்த ஷூவைப் பார்த்து என் மேனேஜர் "இட்ஸ் எ ஸ்டீல்"னான். திருட்டு ஷூவான்னு பதறிட்டேன்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
ரொம்ப சல்லிசுன்னு அர்த்தம், நாமளே திருடிட்டு வந்த மாதிரி அவ்வளவு கம்மி விலை. நாம கொள்ளை மலிவுன்னு சொல்றதில்லையா? எதிர்ப்பக்கம் "டேலைட் ராபரி", அது அப்படியே நம்ம பகல் கொள்ளை. ஏர்போர்ட்ல ஒரு தோசைக்கு அவன் கேக்குற காசு. வாங்குறவன் ஜெயிச்சா ஸ்டீல், விக்கிறவன் ஜெயிச்சா ராபரி, நியாயமாத்தான் இருக்கு.

டப்ளின்_தோசை:
கொள்ளைங்கிறது நம்மகிட்ட என்ன பாடுபடுது பாருங்க. கொள்ளை அழகு, கொள்ளைப் பிரியம், முருங்கை கொள்ளையாக் காய்ச்சிருக்கு. இங்கிலீஷ்ல ராபரி அழகுன்னு சொன்னா அடிக்க வருவான்.

யாழ்_பனங்கொட்டை:
லூட் எண்டதை ஒருத்தரும் சொல்லேல்லையே. அது இங்கிலீஷ்காரன் இந்தியாவில இருந்து கொண்டு போன சொல், ஹிந்தி லூட். வெள்ளைக்காரன் கொள்ளையோட சேர்த்து கொள்ளைக்கான சொல்லையும் கொள்ளையடிச்சிட்டான்.

கோர்ட்டுக்குப்_போறவன்:
ரவுடிக்குச் சொல்ற தக், கொள்ளைக்காரனுக்குச் சொல்ற டெகாய்ட் ரெண்டும் கூட இங்க இருந்து போனது தான். டெகாய்ட்டி சட்டப் புத்தகத்துலயே ஏறி உக்காந்துடுச்சு. 1799 மே 4ல சீரங்கப்பட்டணம் விழுந்தப்ப திப்புவோட அரண்மனையை எப்படி வழிச்சு எடுத்தாங்கன்னு படிச்சா லூட்டுக்கு வேற விளக்கமே வேண்டாம், திப்புவோட மரப்புலி இன்னிக்கும் லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. அக்கா போனா பார்த்துட்டு வாங்க.

சரி கரண்டிக்கு வர்றேன், ஆள் காத்துட்டு இருப்பார். உங்க பாலிசில எந்த வார்த்தை போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க. தெஃப்ட்னு இருக்கா, பர்க்ளரின்னு இருக்கா? பர்க்ளரின்னு மட்டும் இருந்தா சங்கடம். அதுக்கு உடைச்சு நுழைஞ்சிருக்கணும், பலத்தைப் பயன்படுத்தியிருக்கணும்னு பாலிசிலயே விளக்கம் எழுதி வச்சிருப்பான். அப்படி ஒரு பாலிசியை வச்சுகிட்டு சாதாரணத் திருட்டுக்குப் பணம் கேட்ட கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2004ல. பாலிசில எழுதின அர்த்தம் தான் செல்லும், பேச்சு வழக்கு அர்த்தம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, க்ளெய்ம் பண்ணவருக்கு ஒண்ணும் கிடைக்கல. ஐபிசில பர்க்ளரிங்கிற வார்த்தையே கிடையாதுங்கிறது இன்னொரு வேடிக்கை, வீடு உடைத்தல்னு தான் வரும். இங்கிலாந்துல தான் அது தனிக் குற்றம், 1968 சட்டத்துல. அதுக்கு முன்னாடி ராத்திரி 9ல இருந்து காலைல 6க்குள்ள நுழைஞ்சா தான் பர்க்ளரி.

சின்ன_வாத்தியார்:
பர்கிள்னு ஒரு வினை இருக்கு, அதைப் பத்தி ஒரே ஒரு வரி. பர்க்ளர்ங்கிற ஆள் தான் முதல்ல வந்தான், பர்கிள் பண்றது பல நூறு வருஷம் கழிச்சு 19ஆம் நூற்றாண்டுல அவன்ல இருந்து வெட்டி எடுத்தது. தொழிலாளி வந்து ரொம்ப நாள் கழிச்சுத் தொழில் வந்திருக்கு.

கரண்டிமுத்து:
பாலிசி எடுத்துப் பார்த்துட்டேன். "தெஃப்ட், பர்க்ளரி, ராபரி"ன்னு மூணும் இருக்கு, தப்பிச்சேன். இது சரியான்னு பாருங்க:

"மை லேப்டாப் பேக் வாஸ் ஸ்டோலன் வைல் ஐ வாஸ் அஸ்லீப். நோபடி த்ரெட்டன்டு மீ. ஐ யூஸ்டு த வேர்ட் ராப்டு பை மிஸ்டேக்."

சின்ன_வாத்தியார்:
நூத்துக்கு நூறு. அனுப்புங்க.

கோர்ட்டுக்குப்_போறவன்:
எஃப்ஐஆர் காப்பியும் சேர்த்து அனுப்புங்க.

கரண்டிமுத்து:
ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். பதில் வந்துடுச்சு. ராபரி விஷயம் ஓகேவாம், ஏத்துகிட்டாங்களாம். இப்ப புதுசா ஒரு கேள்வி, அந்த நேரத்துல பேக் "அன்அட்டெண்டட்"ஆ, அதாவது கவனிக்க ஆள் இல்லாம இருந்துச்சான்னு. தலைமாட்டுல வச்சுட்டுத் தூங்கினா அது அட்டெண்டடா அன்அட்டெண்டடா?

மொக்கை_மன்னன்:
தலை அட்டெண்டட். ஆள் அன்அட்டெண்டட்.

கோர்ட்டுக்குப்_போறவன்:
ஒண்ணும் எழுதிடாதீங்க, பாலிசில அந்த வார்த்தைக்கு என்ன விளக்கம் போட்டிருக்கான்னு அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து முதல்ல இங்க போடுங்க.